பூட்டுப் போட்டவரே மருந்தும் கொடுக்க வேண்டும்



இந்தச் சுகாதாரப் பகுதியில் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இழுப்பு, காசநோய் என்று பல நோய்களைப் பற்றி எழுதி வருகிறோம். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி வருகிறோம். ஆனால் தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் லாக்கப்பிலும் சிறையிலும் இருப்பவர்கள். இந்த முறை அவர்களுடைய உடல்நலத்தைப் பற்றிப் பேசுவோம்.

"கள்ளனுக்கும் குடிகாரனுக்கும் சங்கப் பத்திரிகையில் என்ன இடம்?" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. நம் வீடுகளிலேயே அப்படித்தான் பேசுகிறோம். பக்கத்து வீட்டுப் பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், "செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். உள்ளே அடி விழுந்தது என்று கேள்விப்பட்டால், "ரெண்டு போட்டாத்தான் புத்தி வரும்" என்கிறோம். செத்துப்போனான் என்று செய்தி வந்தால் மட்டும் ஐயோ என்கிறோம். அந்த ஐயோ காலம் கடந்து வருகிறது. அதற்கு முன்னால் நாம் சொன்ன வார்த்தைகளும் அந்தச் சாவுக்கு இடம் கொடுத்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

லாக்கப்பில் இருப்பவர் யார்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். போலீஸ் லாக்கப்பில் இருக்கும் பெரும்பாலோர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் விசாரணைக்காகப் பிடிக்கப்பட்டவர்கள். ஒருவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி உத்தரவு வாங்க வேண்டும். 14 வருடத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேற்பட்ட பெரிய குற்றமென்றால் முதலில் 7 நாள், பிறகு 7 நாள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வது இது. இந்த நாள்களில் எத்தனையோ பேர் "உன் மேல் கேஸ் இல்லை, போ" என்று விடப்படுகிறார்கள்.

சரி, குற்றம் ருசுவாகிச் சிறைக்குப் போனவர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு நீதிபதி கொடுத்த தண்டனை என்ன? இத்தனை வருடம் வெளியே நடமாடக் கூடாது என்பது. அவருடைய சிறுநீரகம் கெட வேண்டும் என்றோ, இருமி இருமிச் சாக வேண்டும் என்றோ எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. தீர்ப்பில் இல்லாத தண்டனையைக் கொடுக்கப் போலீசுக்கும் உரிமையில்லை, வார்டருக்கும் உரிமையில்லை. வாசலில் நின்று பேசும் நமக்கும் இல்லை.

நமக்குப் பக்கத்தில் நடந்தது

சுங்கை வேயிலிருந்து சுபாங் ஜெயா எவ்வளவு தூரம்? மோட்டார் சைக்கிளில் சில நிமிஷம். ஒரு காலத்தில் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம் அது. நம் பெரியவர்கள் பால் வெட்டிய காடு. அங்கே யூஎஸ்ஜே தைப்பான் போலீஸ் நிலையத்தில் 2009-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் ஆ. குகன் என்ற 22 வயது இளைஞர் இறந்துபோனார். கார் திருட்டு சம்பந்தமாக விசாரிக்க அவரைப் பிடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

முதலில் நடந்த பிரேதப் பரிசோதனையில், நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்று சொல்லப்பட்டது. உடம்பைப் பார்த்த குடும்பத்தார் அதை நம்பவில்லை. முதுகெல்லாம் காயம். அவர்கள் விடாப்பிடியாக நின்றதால் பெட்டாலிங் ஜெயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. பலமான அடியால் தசைகள் நைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்று அதில் தெரிந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கையால், பிரம்பால், ரப்பர்க் குழாயால் தசையில் திரும்பத் திரும்ப அடித்தால் எலும்பு முறியாமல் போகலாம். ஆனால் உள்ளே தசை நைந்து கரைகிறது. அதிலுள்ள ஒரு புரதச் சத்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய் அடைத்துக்கொள்கிறது. அப்போது சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்திலோ கறுத்தோ போகும், பிறகு குறையும், கடைசியில் நின்றுவிடும். உடம்பு உப்புச்சத்து நிலை குலைந்து இதயம் நின்றுவிடும். அடி விழுந்தவுடனே இது நடப்பதில்லை. மணிக் கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் ஒரு டாக்டர் பார்த்து, இரத்தம் சோதித்து, டிரிப் ஏற்றி, தேவையானால் டயாலிசிஸ் செய்தால் பலர் பிழைக்கிறார்கள். அதாவது இப்படிச் சாகிறவரை இரண்டு குற்றங்கள் கொல்கின்றன. ஒன்று அடித்தது. மற்றொன்று வைத்தியம் பார்க்காமல் விட்டது.

குகனின் தாயார் வழக்குப் போட்டார். 2013-இல் உயர்நீதிமன்றம் போலீசும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, 8 லட்சம் வெள்ளிக்கும் மேல் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. அந்தப் பணம் யாருடையது? நாம் கடையில் சாமான் வாங்கும்போது கட்டும் வரியிலிருந்து வந்த பணம். அடித்தவர் கையைத் துடைத்துக்கொள்ள, நாமெல்லாம் சேர்ந்து கட்டினோம்.

அடுத்தது கிள்ளானில் நடந்தது. 2017 பிப்ரவரியில் சு. பாலமுருகன் என்ற 44 வயதுக்காரரை ரிமாண்ட் கேட்டு மாஜிஸ்திரேட் முன் கொண்டுவந்தார்கள். அவர் இருந்த நிலைமையைப் பார்த்த மாஜிஸ்திரேட் ரிமாண்ட் கொடுக்க மறுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆனால் அன்றிரவு அவர் வடகிள்ளான் போலீஸ் நிலையத்தில் இறந்துபோனார். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து காரில் கொஞ்ச நேரத்துப் பயணம்தான். அவருக்கு இதய நோய் இருந்தது என்று பரிசோதனையில் தெரிந்தது. இதய நோய் உள்ளவருக்கு அடியும் பயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று டாக்டரைக் கேட்கத் தேவையில்லை. நீதிமன்றமே சொன்ன வைத்தியம் அவரைப் போய்ச் சேரவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

எல்லாப் போலீஸ்காரரும் இப்படிப்பட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. சொந்தக் காசில் கைதிக்குச் சோறு வாங்கிக் கொடுத்தவர்களும் அங்கே உண்டு. ஆனால் ஒருவரின் நல்ல மனசை நம்பி இன்னொருவரின் உயிர் இருக்கக் கூடாது. அதற்குத்தான் சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் புதிதல்ல. 1953-ஆம் ஆண்டு லாக்கப் விதிகளின்படி, லாக்கப்பில் அடைக்கப்படும் ஒவ்வொருவரையும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும். நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்னே எழுதப்பட்ட விதி இது. காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் மரண விசாரணை நடத்த வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. உலக அளவில், கைதிகளை நடத்தும் விதிகளை ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் திருத்தி, 27 வருடம் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரை அதற்கு வைத்தது. வெளியே இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் உள்ளே இருப்பவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி.

எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நடப்பில்? போலீஸ் துறையை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் 2005-இல் அறிக்கை கொடுத்தது. 2000 முதல் 2004 வரை 80 பேர் போலீஸ் காவலில் இறந்திருந்தார்கள். அவற்றுள் 6 சாவுகளுக்குத்தான் மரண விசாரணை நடந்திருந்தது. போலீஸ்மீது வரும் புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான, பல்லுள்ள ஓர் ஆணையம் வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். 2022-இல் நிறைவேறி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஆணையத்துக்குத் தானே தண்டிக்கும் அதிகாரம் இல்லை, பரிந்துரைக்கத்தான் முடியும். பதினெட்டு வருடம் காத்திருந்து கிடைத்தது இது.

நம் பழைய கதை

தோட்டத்துக்காரர்களாகிய நமக்கு இந்த நியாயம் புரியாததல்ல. ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் வந்த காலத்தில், வேலையை விட்டு ஓடினால் ஜெயில். அன்றைய ஜெயிலில் கிடந்த நம் ஆள்கள் செய்த குற்றம், தோட்டத்தை விட்டுப் போக நினைத்ததுதான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ஆம் நாள் புடு ஜெயிலில் தூக்கிலிட்டார்கள். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் "ஜெயிலுக்குப் போனவனெல்லாம் கெட்டவன்" என்று ஒரு தொழிற்சங்கக் குடும்பம் சொல்லலாமா?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். தோட்டத்தில் ஆஸ்பத்திரியும் டிரெஸரும் எப்படி வந்தார்கள்? துரைமார் இரக்கப்பட்டுக் கட்டவில்லை. நூறு பேரைக் காட்டுக்குள் லயத்தில் வைத்து வேலை வாங்குகிறாய். அவர்கள் டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்க்க வழியில்லை. ஆகவே அவர்கள் வைத்தியம் உன் பொறுப்பு என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் தலையில் அதை வைத்தது. அதைச் சரியாக நடத்த வைக்கச் சங்கம் எத்தனை முறை போராட வேண்டியிருந்தது என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். ஆட்களைத் தன் எல்லைக்குள் வைத்திருப்பவரே அவர்கள் உயிருக்குப் பொறுப்பு. கிராணியிடமும் மானேஜரிடமும் நாம் கேட்ட இந்த நியாயம், லாக்கப்புக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

"நமக்கே கிடைக்கலையே!"

நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. "நாங்க விடியற்காலையில போய் நம்பர் எடுத்து, மத்தியானம் வரைக்கும் கிளினிக்கில உட்கார்ந்திருக்கோம். திருடனுக்கு மட்டும் உடனே டாக்டரா?" என்று ஒரு தாயார் கேட்டால் அவர்மேல் தப்பில்லை. ஆனால் அந்தத் தாயாரால் எழுந்து கிளினிக்குக்குப் போக முடிகிறது. கூட்டமாக இருந்தால் வேறு கிளினிக் போகலாம், கடையில் மாத்திரை வாங்கலாம், மகனைக் கூப்பிடலாம். உள்ளே இருப்பவருக்கு ஒரே வழிதான்: கம்பியைத் தட்டிக் கூப்பிடுவது. கூப்பிட்டும் யாரும் வராவிட்டால் அவ்வளவுதான். நமக்குக் கிடைப்பதைவிட மேலாக அவருக்கு வேண்டாம். நமக்குக் கிடைப்பது அவருக்கும் கிடைக்க வேண்டும்.

"சங்கிலி பறிகொடுத்தவளுக்கு யார் நியாயம் சொல்வது?" என்றும் கேட்கிறார்கள். அவருக்குத்தான் முதல் நியாயம். ஆனால் பிடிபட்டவர் லாக்கப்பில் செத்தால், உண்மையாகவே எடுத்தவர் யார், கூட இருந்தவர் யார், பொருள் எங்கே என்பதெல்லாம் அவரோடு புதைந்துபோகும். அவர் உயிரோடு கோர்ட்டுக்கு வந்தால்தான் சங்கிலியை இழந்தவருக்கும் நியாயம்.

மூன்றாவதாக, நோய்க்குச் சுவர் கிடையாது. நெரிசலான அறையில் காசநோயும் சொறி சிரங்கும் சுலபமாகப் பரவும். 2020 அக்டோபரில் அலோர் ஸ்டார் சிறையில் கோவிட் பரவியபோது கைதிகளோடு சிறை ஊழியர்களுக்கும் வந்தது. உள்ளே போகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒருநாள் வெளியே வருகிறார்கள். வந்து நம் பிளாட்டில், நம் லயத்தில், நம் பிள்ளைகள் பக்கத்தில்தான் படுக்கிறார்கள். உள்ளே காசநோயைக் கண்டுபிடித்து ஆறு மாத மருந்தை முழுசாகக் கொடுத்து அனுப்பினால் அது நமக்கும் பாதுகாப்பு.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

நம் வீட்டில் ஒருவரைப் போலீஸ் கொண்டுபோனால் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். வெட்கப்பட்டு ஒளியவும் வேண்டாம். இவற்றைச் செய்யுங்கள்:

1. எந்த நிலையம், விசாரணை அதிகாரி யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிடிபட்டவர் குடும்பத்தாரிடமும் வக்கீலிடமும் பேச உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவு அதைச் சொல்கிறது.

2. அவருக்கு நோய் இருந்தால் கிளினிக் அட்டையையும் மருந்தையும் உடனே நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், எந்த வேளைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை வாங்க மறுத்தால் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள்.

3. இன்சுலின் போடுகிறவர், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர், இழுப்புக்குப் பம்ப் வைத்திருப்பவர், இதய நோய்க்காரர் ஆகியோர் விஷயத்தில் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். இன்சுலினை நம்பியிருப்பவருக்கு அது நின்றால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து.

4. தினமும் சம்சு குடிக்கிறவரானால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குடி திடீரென்று நின்றால் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்த்துப் பேசுவது, வலிப்பு எல்லாம் வரும். பார்ப்பவர் நடிக்கிறான் என்று நினைப்பார்கள். அது நடிப்பு இல்லை. வைத்தியம் பார்க்காவிட்டால் சாவும் வரலாம்.

5. ரிமாண்டுக்குக் கோர்ட்டுக்கு வரும்போது நீங்களும் போங்கள். அடி விழுந்திருந்தால், உடம்பு முடியாவிட்டால், மாஜிஸ்திரேட்டிடமே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கறுத்த சிறுநீர், நெஞ்சு வலி, மூச்சு முட்டல், இரத்த வாந்தி, மயக்கம் எது இருந்தாலும் சொல்ல வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல் இலவசமாக வாதாடுவார்.

6. விடுதலையானதும் உடனே அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். புகாரை சுஹாகாம் மனித உரிமை ஆணையத்துக்கும் கொடுக்கலாம்.

7. நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், அவசரப்பட்டுத் தகனம் செய்யாதீர்கள். உடம்பை முழுவதும் பாருங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வக்கீல் மூலம் இரண்டாவது பரிசோதனை கேளுங்கள். குகன் குடும்பத்தார் கேட்டதால்தான் உண்மை வெளியே வந்தது.

அரசாங்கத்திடம் கேட்பது

பெரிய லாக்கப் ஒவ்வொன்றிலும் இரவு பகலாக ஒரு மருத்துவ உதவியாளர் இருக்க வேண்டும். அவர் சுகாதார அமைச்சின் ஊழியராக இருக்க வேண்டும். போலீஸ் அதிகாரிக்குக் கீழே இருக்கக் கூடாது. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் உடம்பைப் பரிசோதித்துப் புத்தகத்தில் பதிய வேண்டும். கேமரா எப்போதும் ஓடவேண்டும். காவலில் நிகழும் ஒவ்வொரு சாவுக்கும் தாமதமில்லாமல் மரண விசாரணை நடக்க வேண்டும். எழுபது வருட விதியை நடைமுறைப்படுத்தச் சொல்வது பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

நம்மிடம் கேட்பதும் ஒன்று உண்டு. ஜெயிலிலிருந்து வந்தவரைக் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒதுக்குகிறோம். அவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் "ஜெயில்காரன் மகன்" என்று மற்றப் பிள்ளைகள் கூப்பிடுவது நம் வாயிலிருந்து கற்றதுதான். வேலை கேட்டால் முகத்தைத் திருப்புகிறோம். பிறகு அவர் பழைய கூட்டத்தோடு சேர்ந்தால், "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்கிறோம். தண்டனை முடிந்தவருக்கு நாம் மேலும் தண்டனை கொடுக்க வேண்டாம்.

அடுத்த முறை பக்கத்து வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால், கதவைச் சாத்தாதீர்கள். அந்த வீட்டுத் தாயாரிடம் போய், "அவனுக்கு ஏதும் மருந்து இருக்கா அக்கா? வாங்க, நானும் கூட வரேன், ஸ்டேஷனில் கொடுத்திட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு ஆளாகப் போய் நின்றால், உள்ளே இருப்பவரைக் கேட்க வெளியே ஆள் உண்டு என்று நிலையத்துக்குத் தெரியும்.